நல்லெண்ணெய் மணத்த குழல்

பழுதுபார்ப்பதற்காக ஒரு சாதனத்தின் மின்தொடர்பைத் துண்டித்தவரே அதை மீண்டும் இணைக்க வேண்டும். இடைப்பட்ட வேளையில் அதில் 'தொடாதே' என்ற சிவப்பு அட்டை தொங்க வேண்டும். அட்டையைத் தொங்கவிட்டவரைத் தவிர வேறெவரும் அதை அகற்றக் கூடாது.

நான் வேலை செய்த திணைக்களத்தின் நீரிறைக்கும் நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த விதி சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நான் இயந்திரம் தெரிந்தவன் அல்ல. நிர்வாகப் பக்கத்தில் இருந்தவன். விதி சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை, அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பது இன்னொரு கிளையின் வேலை. கறையான் தின்றால் புதிய பிரதி அனுப்புவேன். சிவப்பு அட்டை தொங்கவேண்டிய ஆணியில் பம்ப் இயக்குபவர்கள் தங்கள் சட்டையைக் கொழுவி வைத்திருந்தார்கள். நான் பரிசோதனைக்குப் போகும் நாட்களில் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அந்த அளவில் ஒழுங்கு நிலவியது.

ஓய்வு பெற்று, பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் மனைவியுடன் இருக்கிறேன். மகள் கல்யாணம் முடித்துக் கனடாவில். இத்தனை சுற்றறிக்கைகளைத் தலையில் வைத்திருந்த என் வீட்டில் ஒரு சிவப்பு அட்டை இல்லாமல் போனது. அதனால் வந்த கதை இது.

எனக்குக் குடலிறக்கம் வந்தது. இருமினால் வயிற்றின் அடியில் ஒரு கட்டி எழும்பி நிற்கும், கையால் அமத்தினால் உள்ளே போகும். வாளி தூக்கக் கூடாது, சைக்கிள் ஓடக் கூடாது. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது முழுக்க மனைவியின் தலையில் விழுந்தது. அவாவுக்கு ஏற்கெனவே முழங்கால் நோ. இரவில் கோடாலித் தைலம் பூசிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படுப்பா. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கிளிநொச்சியில் வைத்தியர் பார்த்துவிட்டு, சத்திரசிகிச்சை செய்தால் சரி, பெரிய விடயமில்லை என்றார். பெரிய விடயம் அடுத்த அறையில் இருந்தது. அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், என் மகளின் வயதுள்ள பெண், என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எத்தனை வருடமாகப் புகைக்கிறேன் என்று விசாரித்தார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்றேன்.

"ஐயா, உங்களை நித்திரையாக்கிறது எனக்கு லேசு," என்றார். "எழுப்பிறதுதான் கரைச்சல். இண்டையிலயிருந்து சிகரெட் தொடக் கூடாது. ஒப்பரேசன் அண்டைக்குச் சிகரெட் மணத்தோட வந்தியள் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவன்."

திருப்பி அனுப்பினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். வரிசைகளைப் பற்றி எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் மக்களை அவற்றில் நிறுத்தி வைத்தவன் நான்.

விட முயன்றேன். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கறிக்கு உப்புக் காணாது என்றேன், வானொலிச் செய்தி பிழை என்றேன், படலையின் கீல் சத்தம் போடுகிறது என்று அதோடு சண்டை பிடித்தேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தா. மருமகன் முன்பு கடுமையாகப் புகைத்தவர். இப்போது இல்லை. அவர் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது எனக்கொரு குழலைக் கொண்டு வந்தார்.

வேப் என்கிறார்கள். இந்த நாட்டில் கடைகளில் விற்கக் கூடாத பொருள். பரிசாக வந்ததைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பதில் தெரிந்துவிட்டால் அதன்படி நடக்க வேண்டி வரும். வைத்தியரிடம் மட்டும் மறைக்காமல் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். இது மருந்தில்லை, இதையும் குறைத்துக்கொண்டு வந்து சத்திரசிகிச்சைக்கு முன் அடியோடு நிறுத்த வேண்டும், ஆனால் சிகரெட்டுக்குத் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்றார். இதை ஒரு நிபந்தனையுடன் கூடிய அனுமதி என்று நான் பதிவு செய்துகொண்டேன்.

மருமகன் தந்தது இயந்திர வகை. உள்ளே எழுத்துக் காட்டும் திரை இல்லை, வயர் இல்லை, பிழை நடந்தால் தானாக நிறுத்தும் மூளையும் இல்லை. ஒரு பித்தளைக் குழாய், நடுவே ஒரு பற்றறி. மேலே, திரவத்தில் ஊறிய பஞ்சைச் சூடாக்க ஒரு கம்பிச் சுருள். அடியில் ஆளி, அதாவது வீட்டில் எல்லோரும் சொல்கிற சுவிச். ஆளியை அமத்தினால் மின்சாரம் குழாயின் உடம்பு வழியாகவே மேலே ஏறிச் சுருளைச் சூடாக்கும். பஞ்சிலிருந்து ஆவி வரும். கையை எடுத்தால் ஆளிக்குள் இருக்கும் சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளும். அவ்வளவுதான். பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதைத் திருகினால் பொத்தான் அமுங்காது. சட்டைப் பைக்குள் வைக்கும்போது வளையத்தைத் திருகிப் பூட்ட வேண்டும் என்று மருமகன் பலமுறை சொன்னார். பலமுறை சொல்லப்படுவதை நான் விரும்புகிறவன். அவரை மதித்தேன்.

பித்தளையாலான, உயரமான, பளபளக்கும் அந்தப் பொருளுக்கு மனைவி "உங்கட நாகசுரம்" என்று பெயர் வைத்தா. வாயில் வைக்கும் போதெல்லாம், "தொடங்கீட்டார், தவில்காரரைக் கூப்பிடட்டோ?" என்பா. சிரித்துக்கொண்டுதான். படலையோடு நான் சண்டை பிடிப்பது நின்றிருந்தது.

ஆவணி முழுக்க நன்றாகப் போனது. சத்திரசிகிச்சைக்குரிய நாளும் குறித்துவிட்டார்கள், ஐப்பசி முடிவில். நவராத்திரி தொடங்கிய கையோடு குழல் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முதலில் ஆளியை அமத்தினால் ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. பிறகு, அமத்திக்கொண்டே குழாயின் அடியைச் சற்று நெரித்தால்தான் வேலை செய்யும். பிறகு பொத்தான் உள்ளே போய் மெதுவாகத்தான் வெளியே வந்தது, முற்பகலில் வந்த மனுவைப் பிற்பகலில் பார்க்கும் உத்தியோகத்தனைப் போல.

முறைப்படி ஆராய்ந்தேன். என் ரோச் லைற்றும் இதே பருமனான பற்றறியில்தான் எரிவது. குழலின் பற்றறியை ரோச்சில் போட்டேன். வேலிக்கு அப்பால் நின்ற மாட்டின் கண் தெரியுமளவுக்கு வெளிச்சம். ஆகவே பற்றறி குற்றமற்றது. மேல்பகுதியை மருமகன் இரண்டாகத் தந்திருந்தார். மாற்றிப் போட்டேன், அதே கதை. ஆகவே சுருளும் குற்றமற்றது. எஞ்சியது ஆளி.

இந்த இடத்தில் எந்தச் சாதாரண மனிதனும் ஆளியைக் கழற்றிப் பார்த்திருப்பான். நான் மின்னஞ்சல் எழுதினேன்.

விநியோகஸ்தருக்கு அறிவிக்காமல் அவர் வழங்கிய பொருளைத் திறந்தால் உத்தரவாதம் அற்றுப் போகும். இது உலகப் பொது விதி. மருமகன் வாங்கிய கடையின் முகவரிக்கு, இலக்கமிட்ட பந்திகளில், குறைபாடு தோன்றிய விதம், நான் செய்த பரிசோதனைகள், விலக்கப்பட்ட காரணங்கள், சத்திரசிகிச்சையை முன்னிட்டு விடயத்தின் அவசரம் என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, மருமகனுக்குப் பிரதியிட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்றது. அதை எழுதியது இயந்திரம் என்பது எனக்குத் தெரிந்தது. நாங்களும் அப்படித்தான் அச்சடித்த அட்டை அனுப்புவோம்.

மருமகன் தொலைபேசியில் சிரித்தார். "மாமா, அது மூண்டு துண்டு. கழட்டித் துடைச்சுப்போட்டுப் பூட்டுங்கோ. அவங்கள் பதில் போடமாட்டாங்கள்."

"விநியோகஸ்தரின்ர பதில் வரட்டும்," என்றேன்.

"வாற வரைக்கும் என்ன செய்வியள்?"

நினைவூட்டல் அனுப்புவேன் என்றேன்.

அடுத்த கிழமை கிளினிக். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை மறுபடி கேட்டார்கள். நல்ல முன்னேற்றம் என்றார் அந்தப் பெண் வைத்தியர், இப்படியே இருங்கள் என்றார். மத்தியானம் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நெருக்கம். மடியில் ஒருவரின் மரக்கறிப் பை, தோளில் இன்னொருவரின் பிள்ளை. சட்டைப் பைக்குள் குழல். வளையத்தைத் திருகிப் பூட்டித்தான் வைத்திருந்தேன். பூட்டுவதற்கு முன் பொத்தான் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கவில்லை. பூட்டு பொத்தானை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. இதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

கரடிப்போக்குச் சந்தியைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு மணம் பரவியது. கெட்ட மணம் அல்ல, அதுதான் விசித்திரம். வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் உள்வீதியில் வருகிற மணம். முன் இருக்கையில் இருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா. மேலே சாமிப் படத்தைப் பார்த்தா. அங்கே பிளாஸ்ரிக் மாலையும் மின்குமிழும்தான்.

நடத்துநர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். "ஆர் பஸ்ஸுக்க விளக்குக் கொளுத்திறது? நல்லெண்ணெய் மணக்குது."

"வடை சுடுகினம் போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும் ரெண்டு சொல்லுங்கோ."

அப்போதுதான் என் நெஞ்சில் சூடு தெரிந்தது. கொஞ்ச நேரமாகவே தெரிந்துகொண்டிருந்ததை, நெஞ்சைக் கேட்ட வைத்தியரின் குழாயோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தேன் போலும். கையை வைத்தேன். குழாய், இறக்கிய தேநீர்க் கேத்தலைப் போல் இருந்தது. எழுந்தேன், மரக்கறிப் பை விழுந்தது. "இறக்கம், இறக்கம்" என்றேன். பரந்தன் சந்திக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்த நடத்துநர் மணியை இழுத்தார். "ஐயாவுக்கு அவசரம் போல, விடுங்கோ, விடுங்கோ," என்று வழி எடுத்துக் கொடுத்தார். எந்த அவசரம் என்று அவர் நினைத்தாரோ, அது இப்போது முக்கியமல்ல.

வீதியோர மணலில் நின்று கைலேஞ்சித் துணியால் பிடித்து மேல்பகுதியைத் திருகி எடுத்து, குழாயைக் கவிழ்த்தேன். பற்றறி மணலில் விழுந்தது. பின்னால் எட்டி நின்று, அது என்ன முடிவெடுக்கிறது என்று பார்த்தேன். ஒரு முடிவும் எடுக்கவில்லை. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு நக்கப் பார்த்தது. துரத்தினேன். நல்லெண்ணெய் மணம் இன்னும் இருந்தது. கனடாக் குழல் ஏன் கோயில் மாதிரி மணக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஒரு கேள்வி வந்தது. பற்றறி ஆறும் வரை கேள்வியைத் தள்ளி வைத்தேன்.

மருமகன் ஏற்கெனவே எச்சரித்தவர்தான். இப்படிச் சூடாகிக்கொண்டே போனால் பற்றறி பொங்கிப் பொசுங்கவும் கூடும் என்று. சட்டைப் பைக்குள், இதயத்துக்கு மேல். குடலிறக்கத்துக்குப் பயந்து வந்தவன் வேறு வழியால் வைத்தியசாலை வரிசையில் முன்னுரிமை பெற்றிருப்பேன்.

சந்திக்கு நடந்தேன். பூநகரி பஸ் எப்போது வரும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, வரும்போது வரும். நிழலுக்கு ஒதுங்கியது ஒரு கடை வாசலில். அது நான் வருடக் கணக்காகச் சிகரெட் வாங்கிய கடை. கடைக்காரர் என்னைக் கண்டதும் பழக்கத்தில் கை மேல்தட்டுக்குப் போனது.

"ஐயாவைக் கனகாலம் காணேல்லை. ஒண்டு தரட்டோ?"

கையில் ஆறிக்கொண்டிருந்த பித்தளைக் குழாய், கைலேஞ்சியில் சுற்றிய பற்றறி. ஒன்றே ஒன்று போதும் என்றிருந்தது. அந்த ஒன்றோடு வரிசையின் கடைசி, தண்ணீர் வாளி, கோடாலித் தைலம். கடைக்காரரின் கை மேல்தட்டிலேயே இருந்தது.

"கச்சான் ஒரு சுருள் தாங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நிலக்கடலைச் சுருளைத் தந்தார். அதில் பாதி சொத்தை. ஒவ்வொன்றாக உடைத்து உடைத்து, பஸ் வரும்வரை கையை வேலையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் தெரிந்தது, விநியோகஸ்தரின் பதிலுக்கு இனிக் காத்திருக்க முடியாது. நாளை காலை இந்தக் குழல் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், நாளை மறுநாள் நான் கச்சான் வாங்கப் போவதில்லை. அவசர நிலைமையில் பொறுப்புவாய்ந்த உத்தியோகத்தர் தம் தற்றுணிபின்படி நடக்கலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதை நான் உத்தியோக காலத்தில் பயன்படுத்தியதேயில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் முற்றத்து மாமரத்தடியில் மேசை போட்டேன். எனாமல் தட்டில் வெள்ளைத் துணி விரித்தேன், துண்டுகள் உருண்டு போகாமல். பற்றறியை முதலில் தூர வைத்தேன். அதன் மேற்தோல் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கிழியவில்லை. கிழிந்திருந்தால் அதைக் கழித்து விடுவதைத் தவிர வழியில்லை, ரோச்சின் பற்றறி இந்த வேலைக்குத் தாங்காது, வேறு பற்றறிக்கு நான் எங்கே போவது. பாதி மூச்சு அப்போதே வந்தது.

பிறகு ஆளியைத் திருகினேன். வரவில்லை. கைலேஞ்சியால் பிடித்துத் திருகினேன். வழுக்கியது. மூன்றாம் முறை இறுகிய போத்தல் மூடி போல் முனகிக்கொண்டு கழன்றது. அதன் புரியில், திருகு ஓடும் அந்தப் பள்ளங்களில், ஏதோ கறுத்துச் சுற்றிக் கிடந்தது.

ஊசியால் தூக்கினேன். நூல். வெள்ளைப் பருத்தி நூலாக இருந்திருக்கும். இப்போது எண்ணெயில் தோய்ந்து, ஒரு பக்கம் கருகி, திரி போல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பஸ்ஸில் வந்த கோயில் அதற்குள் இருந்தது.

நான் கூப்பிடவில்லை. மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, என் கையில் நூலைக் கண்டு, தானே வந்தா.

"அதை ஏன் அவிழ்க்கிறியள்? நான்தானே சுத்தினனான்."

"நீர் சுத்தினனீரோ?"

"ஓம். அது லேசா ஆடிச்சுது. குத்துவிளக்கு ஆடினாலும் நூல் சுத்தித்தானே இறுக்கிறனாங்கள்."

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். குத்துவிளக்கு ஒரே துண்டு அல்ல. அடி, தண்டு, தட்டு, முடி எல்லாம் தனித்தனி, திருகிப் பூட்டுவது. பழைய விளக்குகளில் புரி தேய்ந்து தண்டு ஆடும். அப்போது புரியில் நூலைச் சுற்றி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு இறுக்குவார்கள். விளக்கு அசையாமல் நிற்கும். எங்கள் வீடுகளில் எந்தப் பெண்ணும் செய்கிற வேலை. விளக்குக்கு மின்சாரம் தேவையில்லை. குழலுக்கோ அந்தப் புரிதான் வயர். பித்தளையும் பித்தளையும் முட்டினால்தான் மின்சாரம் தாண்டும். நடுவே நூலும் எண்ணெயும் இருந்தால் மின்சாரம் எங்காவது ஓரிடத்தில் மட்டும் நெருக்கிக்கொண்டு போகும், பஸ் கதவில் போல. நெருக்கம் உள்ள இடத்தில் சூடு. சூடு உள்ள இடத்தில் நல்லெண்ணெய் மணம்.

மிச்சத்தையும் கேட்டறிந்தேன். நவராத்திரிக்கு முந்தின நாள் நான் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன், ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க. அவா அன்று விளக்குகளை எல்லாம் எடுத்துப் புளி போட்டு மினுக்கியிருக்கிறா. ஜன்னலடியில் குழல் மங்கிப்போய் நின்றிருக்கிறது. அதையும் கழற்றி, புளி போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, கழுவி, நூல் சுற்றி, எண்ணெய் விட்டு, பொத்தானுக்கும் ஒரு சொட்டு விட்டு இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டா. அன்று மாலை குழல் புதிதாகப் பளபளத்ததை நானும் கண்டேன். பின்னேர வெயில் என்று நினைத்தேன்.

குற்றப்பத்திரம் தயாரானது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"பற்றறியோட சேர்த்தோ கழுவினீர்?"

"எனக்கென்ன விசரே? பற்றறியை முதல் கழட்டி அங்கால வைச்சனான். எல்லாம் முடிஞ்ச பிறகு நான்தான் திருப்பிப் போட்டனான்."

துண்டித்தவரே மீண்டும் இணைக்க வேண்டும். சுவரில் நான் ஒட்டிய விதியை, என் உத்தியோக காலத்திலும் அதற்குப் பிறகும் முழுதாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் என் முன்னால் ஈரக் கையோடு நின்றா. சிவப்பு அட்டை மட்டும்தான் இல்லை, அதை வழங்க வேண்டியது நிர்வாகப் பக்கம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன், கடைசி முயற்சியாக.

"நீங்கள் கனடாவுக்கெல்லோ எழுதிக் கேட்டனீங்கள்," என்றா. "என்னட்டைக் கேட்டனீங்களோ?"

பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சாமான்தானே உங்களை ஒப்பரேசன் வரைக்கும் கொண்டு போகப் போகுது. அதுதான் விளக்குகளோட சேர்த்து மினுக்கினனான்," என்றா.

பஸ்ஸில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. நெஞ்சுப் பக்கப் பை என்பதை விட்டுவிட்டேன். அவா தானே என் சட்டையை எடுத்துப் பார்த்து, பையில் இருந்த எண்ணெய்க் கறையைத் தடவிப் பார்த்து, கதிரையில் இருந்தா. பிறகு எழும்பிப் போய்ப் பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்றும், காயத்துக்குப் பூசும் ஸ்பிரிற் போத்தலும் கொண்டு வந்தா.

இருவரும் சேர்ந்து துப்புரவு செய்தோம். ஆளி மருமகன் சொன்னது போலத்தான், பொத்தான், சுருள்வில், மின்சாரத்தைத் தொடும் சிறு முளை. முளைக்கும் பொத்தானுக்கும் இடையே மின்சாரம் தாண்டாத ஒரு வெள்ளை வளையம், அதை எண்ணாமல் விட்டிருந்தார். கழற்றிய ஒழுங்கிலேயே துணியில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். சுருள்வில்லில் எண்ணெயும் காய்ந்த புளியும் சேர்ந்து பிசின் போல் பிடித்திருந்தது, பொத்தான் சோம்பேறியானதற்கு அதுவே காரணம். அவா புரியின் பள்ளங்களைத் தூரிகையால் உரசினா. விளக்குப் புரி தேய்த்த கை, ஒரு பள்ளம் தவறவில்லை. முளையின் நுனியில் பச்சை படிந்திருந்தது. அதற்கு நான் அழிறப்பர் எடுத்தேன். காகிதத்தில் பென்சில் எழுத்தை அழிப்பது போல் மெல்லத் தேய்த்தால் பச்சை போய்ப் பித்தளை வரும், உப்புத்தாளைப் போல் கீறாது. வெள்ளை வளையத்தைத் துடைத்து, எரிந்த தடயம் இல்லை என்று பார்த்து, எல்லாவற்றையும் வெயிலில் காய விட்டோம். ஸ்பிரிற் காயாமல் பற்றறி போடக் கூடாது.

காயும் வரை தேநீர். பேச்சு, படலைக் கீலைப் பற்றி. அதற்கும் எண்ணெய் விட வேண்டும் என்றா. அதற்கு விடலாம் என்றேன்.

பிறகு பூட்டினேன். பற்றறி போடாமலே பொத்தானை அமத்தினேன். உள்ளே போனது, கையை எடுத்ததும் டக்கென்று வெளியே வந்தது. மறுபடி அமத்தினேன். டக். வளையத்தைத் திருகினேன், பூட்டியது. திறந்தேன். மனைவி கையை நீட்டி வாங்கித் தானும் அமத்திப் பார்த்தா. டக். அவாவின் முகத்தில், வருத்தக்காரப் பிள்ளை நெடுநாளைக்குப் பிறகு சோறு கேட்டது போல் ஒரு வெளிச்சம். அதன் பிறகுதான் பற்றறியைப் போட்டேன். ஆவி வந்தது. குழாய் குளிர்ந்தே இருந்தது. அமத்தி, விட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தே இருந்தது.

"ஆடுதோ?" என்றா.

கொஞ்சம் ஆடியது. ஆடட்டும் என்றேன்.

அன்று பின்னேரம் ஒரு பழைய கோப்பின் அட்டையை வெட்டி, சிவப்பு மையால் 'தொடாதே' என்று எழுதி, நூலில் கட்டிக் குழலின் கழுத்தில் தொங்கவிட்டேன். வேறு வேலைக்கு நூல் உதவியது நல்லது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

சத்திரசிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பாகவே, வைத்தியர் சொன்னபடி, பற்றறியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, குழலை அலுமாரிக்குள் பூட்டினேன். திறப்பை மனைவியிடம் கொடுத்தேன். எதிர்பார்த்த அளவு கரைச்சல் இல்லை. ஏற்கெனவே குறைத்துக்கொண்டு வந்திருந்தேன். படலையைக் கூட ஒருமுறைதான் ஏசினேன். வைத்தியசாலையில் அந்தப் பெண் வைத்தியர் கிட்டே வந்து மூச்சை உள்ளிழுத்தார். சட்டைப் பையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தார்.

"சிகரெட் மணமில்லை," என்றார். "கோயிலுக்குப் போயிட்டு நேர இஞ்ச வாறியளோ?"

ஓம் என்றேன். விளக்கம் நீளமானது, அவருக்கும் வேலை இருந்தது. அந்தக் கறை என்ன தோய்த்தும் போகவில்லை.

நித்திரையாக்கினார். எழுப்பினார். கண்ணைத் திறந்தபோது மனைவி கட்டிலடியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. இருமச் சொன்னார்கள். இருமினேன். வலித்தது, ஆனால் எதுவும் எழும்பி வரவில்லை. அந்த இருமலைப் போல இனிமையான ஒன்று என் நினைவில் இல்லை.

குழலை அதன் பிறகு நான் கேட்கவில்லை. விட்டுவிட்டேன் என்று அறிக்கை விடமாட்டேன். எந்த நியமனத்துக்கும் தகுதிகாண் காலம் உண்டு. அது முடியட்டும். திறப்பு அவாவின் இடுப்பில் இருக்கிறது.

மழை தொடங்கியது. பாரம் தூக்கக் கூடாது என்றாலும் கிணற்றடிக்கு நடந்துபோய், மனைவி அள்ளும்போது கப்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மேற்பார்வை. வாளியை நானே தூக்கலாம் என்று சொல்லும் நாளுக்கு இருவரும் காத்திருக்கிறோம். இரவில் அவா கோடாலித் தைலம் பூசுவது மட்டும் குறைந்திருக்கிறது.

ஒரு நாள் காலை அவா விளக்குகளை முற்றத்தில் பரப்பி வைத்துப் புளி கரைத்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் கதிரையில் இருந்து, தண்டுக்கு நூல் சுற்றும் வேலையை ஏற்றிருந்தேன். தொலைபேசி முனகியது. கனடாக் கடைக்காரர்கள். தாமதத்துக்கு வருந்துவதாகவும், என் மின்னஞ்சலின் எல்லாப் பந்திகளையும் கவனமாக வாசித்ததாகவும் எழுதியிருந்தார்கள். ஆளியைக் கழற்றி, புரியில் அந்நியப் பொருள் ஏதும் இருந்தால் அகற்றி, சுத்தம் செய்து பார்க்கும்படியும், அப்படிச் செய்வதால் உத்தரவாதம் பாதிக்கப்படாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

வாசித்துக் காட்டினேன். அவா புளிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டா.

"அந்நியப் பொருளாமோ," என்றா. "நூலை இறுக்கிச் சுத்துங்கோ."

பதில் கிடைத்ததை உறுதிப்படுத்தி எழுத வேண்டும். கிடைத்த திகதி: கார்த்திகை விளக்கீடு.